நாலு ராத்தல் பொறாமை

சாந்தா எலீசா என்ற மலையூரில் அந்த வாரம் யாரும் காப்பிப் பழம் பறிக்கவில்லை. அடுத்தவர் கண்பட்டு உடம்பில் ஏறிய பொறாமையை நிறுத்து இறக்க வரிசையில் நின்றார்கள்! தொன் தியோதுல்போ என்ற மகான் தராசோடு வந்து இறங்கியிருந்தார்.

ஆளைத் தராசில் ஏற்றுவார். தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தி எடை சொல்வார். மூலிகைக் கொத்தால் நாலு அடி, முகத்தில் ஒரு வாய்ச் சாராயம், கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு கம்பளியை உருவி மறுபடி நிறுப்பார். நாலு ராத்தல் குறைந்திருக்கும்.

"போச்சு பொறாமை! கம்பளியில ஏறிடுச்சு. தொட்டா கை அழுகிடும்!"

கூட்டம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது. மேயருக்கும் நாலு ராத்தல், பிச்சைக்காரனுக்கும் நாலு ராத்தல். என்ன சமத்துவம்!

கசில்தா என்பவள் மேல் ஏறிய பொறாமையை இறக்கியபோது மகான் கண்ணை மூடிச் சொன்னார்: "பச்சைக் கதவு வீட்டுக்காரி கண்ணு!"

பச்சைக் கதவு, சோளமாவில் தமாலே அவித்து விற்கும் நிக்கோலாசாவுடையது. மறுநாளிலிருந்து அவள் தமாலேயைச் சீந்த ஆளில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கூடவே வளர்ந்த கசில்தா, அவளைக் கண்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சோளம் அரைக்கும் கல்லைத் தூக்கிக்கொண்டு மகானிடம் போனாள்.

"சாமி, என் பொறாமை இந்தக் கல்லுலயும் ஒட்டியிருக்கும். இறக்கி விடுங்க."

மகான் தயங்கினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியின்றிக் கல்லைத் தராசில் ஏற்றிக் கம்பளி போர்த்தினார், அடித்தார், துப்பினார், உருவினார். நாலு ராத்தல் குறைந்தது.

"பாத்தியா, கல்லுக்கே பொறாமை!" என்று வாய்பிளந்தது கூட்டம்.

"இப்ப இது சுத்தம்தானே சாமி?"

"பரிசுத்தம்!"

நிக்கோலாசா வெறுங்கையால் கம்பளியை எடுத்தாள். கூட்டத்தில் 'ஐயோ' என்று ஒரு அலறல். கை அழுகவில்லை. கல்லின் மேல் போர்த்தினாள், முள் ஏறியது. உருவினாள், நாலு ராத்தல் இறங்கியது. மந்திரமும் இல்லை, எச்சிலும் இல்லை.

"காப்பி நிறுக்கறப்போ சாக்கு எடையைக் கழிக்கலேன்னா வியாபாரி சட்டையைப் பிடிப்பீங்க. அதுக்குத் தாரான்னு பேரு வேற வெச்சிருக்கீங்க. இங்க கம்பளியைக் கழிக்க ஒருத்தருக்கும் தோணலையா?"

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் மகான் தராசைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்திருந்தார். பொறாமை நீங்கிய உடம்பல்லவா, லேசாகத்தான் ஓடியது!

கசில்தா தலை குனிந்தாள். "என்னை மன்னிச்சிடுடி."

"கல்லை ஒரு பக்கம் பிடி. அதைவிட உன் மண்டை கனம்," என்றாள் நிக்கோலாசா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காப்பிக்குச் சாக்கைக் கழிக்கத் தெரிந்த புத்திசாலிகளே, மகான் வந்தால் மட்டும் அந்தப் புத்தியை எந்தச் சாக்கில் போட்டுக் கட்டிவைக்கிறீர்கள்?