துக்க இணைப்பு

புது வீட்டுக்குக் குடிபோகிறவர் முதலில் மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல குடிமகன் என்று தம்மைப் பற்றி ஓரளவு நம்பிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரும் சாமான்களை இறக்கிய கையோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

அவசரம் இருந்தது. மாமனாருக்கு மூச்சுத் தொந்தரவு. படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் மிஷின் ஓடாவிட்டால் தூங்க முடியாது. கரண்ட் வரும்வரை அவருடைய மூத்த மகன் வீட்டில் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அங்கே அவருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம். "மாப்பிள்ளை, வந்துடுச்சா?" என்று பொழுது விடிந்தால் போன்.

அலுவலகத்தில் ஒரு அம்மையார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பழைய குடித்தனக்காரர் கணக்கை முடிச்சிட்டுப் போயிட்டார் சார். முடிஞ்ச கணக்குல பேர் மாத்த முடியாது. புது இணைப்புதான் வாங்கணும்."

"அதையே குடுங்க மேடம்."

"அந்த வீட்டுல மீட்டர் இருக்கே. மீட்டர் இருக்கிற வீட்டுக்குப் புது இணைப்பு கிடையாது."

"அப்ப மீட்டரைக் கழட்டிடுங்க."

"அதுல என்ன எண் நிக்குதுன்னு பார்க்காம கழட்டக் கூடாது."

"பாருங்களேன்."

"டிஜிட்டல் மீட்டர் சார். கரண்ட் இருந்தாதான் எண் தெரியும்."

வாத்தியார் இதை மனத்துக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார். எந்தப் படியிலும் பிழை இல்லை. அதுதான் அவரை வருத்தியது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அம்மையாருக்கு மனம் இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாவது விசேஷம் உண்டா? தற்காலிக இணைப்பு குடுக்கலாம்" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"கல்யாணம்னா மூணு நாள். பிறந்த நாள்னா ஒரே நாள். துக்கம்னா, தீர்ற வரைக்கும்."

"தீர்ற வரைக்கும்னா?"

"துக்கம் எப்ப தீரும்னு ஆபீஸ் எப்படிச் சொல்ல முடியும்? துக்க வீட்டுல அத்தாட்சி கேக்கிறது மனிதாபிமானம் இல்லைன்னு மேலிடத்து உத்தரவே இருக்கு. இறந்தவர் பேரும் பிறந்த தேதியும் போதும்."

அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைக் கேட்ட மாமனார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என் பேரைக் குடுங்க மாப்பிள்ளை."

"மாமா, என்ன பேச்சு இது?"

"இந்த வீட்டுல உயிரோட இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

வாத்தியாரின் மனைவி முதலில் அழுதாள். பிறகு அப்பாவின் பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன்தான் போனில் குதித்தான். "பெரியவங்களுக்குக் குடுக்கிற மரியாதையாப்பா இது? கேக்கவே நாராசமா இருக்கு!" வாத்தியாருக்கும் உறுத்தல்தான். ஆனால் மறுநாளே வயர்மேன் வந்துவிட்டார். தெருவைத் தாண்டும்வரை சைக்கிள் மணியைக்கூட அடிக்கவில்லை, துக்க வீடாயிற்றே.

மாமனார் வந்திறங்கி, மிஷினை மாட்டிக்கொண்டு, நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஒரு வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். கூடத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் மாமனாரே எழுந்து கை குவித்தார்.

"இறந்தவன் நான்தானுங்க."

ஆய்வாளர் மிஷினைச் சுற்றிவந்து பார்த்தார். "இது கரண்ட்லதான் ஓடுதா?"

"ஆமாங்க. இல்லாட்டி நான் நிஜமாவே போயிருப்பேன்."

"அப்ப விண்ணப்பம் சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் முன்கூட்டியே குடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்." பிறகு வாத்தியாரின் மனைவி பக்கம் திரும்பி, "துக்கம் எப்படிம்மா இருக்கு? குறைஞ்சிருக்கா?" என்று பரிவோடு விசாரித்தார்.

"அப்படியேதாங்க இருக்கு."

"இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லி, இறந்தவர் கொடுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கோடை வந்தது, மின்வெட்டும் வந்தது. தெருவே இருட்டில் விசிறிக்கொண்டிருக்க, வாத்தியார் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியது. துக்க வீட்டில் கரண்டை நிறுத்துவதும் மனிதாபிமானம் இல்லையாம். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஆறுதல் சொல்ல வருவதுபோல வந்து, வழிமுறையைக் கேட்டுப் போனார். பத்து நாளில் அவர் வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவருடைய பெரியப்பா வாசலில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். அடுத்து தையற்காரர், அதற்கடுத்து வங்கி மேலாளர். தெருவில் காலமாகாத பெரியவர் ஒருவர்கூட மிச்சமில்லை. சாயங்காலங்களில் எல்லோரும் கூடி நடைப்பயிற்சி போனார்கள். முதலில் காலமானவர் என்பதால் வாத்தியாரின் மாமனாருக்குத் தனி மதிப்பு.

ஒருநாள் அம்மையாரிடமிருந்து போன். நிரந்தர இணைப்புக்கு அனுமதி வந்துவிட்டதாம். துக்கம் தீர்ந்துவிட்டது என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

வாத்தியார் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"இல்ல மேடம்," என்றார். "இன்னும் தாங்க முடியல."

நாம் என்ன மனுஷன் என்று வெகுநேரம் யோசித்தபடி, அந்த ஃபேனுக்கு அடியிலேயே சாய்ந்திருந்தார். அப்போதுதான் மகன் கூப்பிட்டான். என்றும் இல்லாத பாசம் குரலில் வழிந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா? உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

"இருக்கேன்டா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்குத்தான் புது வீட்டுக்கு வந்தோம்." சற்றுத் தயங்கினான். "உங்க பிறந்த தேதி என்னப்பா?"