பொட்டில்லாத ஏர் ஃபில்டர்

எனக்குப் பொய் சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று எண்ணிவிடாதீர்கள். சொல்ல ஆசைதான், வராது, அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் முதலில் என் காது சிவக்கும். பிறகு மூக்கு வேர்க்கும். அப்புறம் வாய் ஒட்டிக்கொள்ளும். உண்மை சொல்லும்போதும் இந்த மூன்றும் நடக்கும் (கூச்ச சுபாவம்) என்பதால், என் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் என் மனைவிக்குத் தெரியாமல் அவள் காரில் கை வைத்தேன்.

ஆமாம், அவள் கார். ஆர்.சி. புத்தகத்தில் தேவகி என்றுதான் இருக்கிறது. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பது அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. கீழே இருப்பவர் கையை ஆட்டுவார், நான் கொக்கியை இறக்குவேன், யாரிடமும் பேச வேண்டாம். எனக்கென்றே கண்டுபிடித்த வேலை அது. தேவகி பக்கத்து ஆலையின் கேண்டீனில் பதினோரு வருடமாக இட்லி ஊற்றுகிறாள். இருவருமாகச் சேர்த்துத்தான் புதுக் கார் வாங்கினோம். பழைய வண்டியே போதும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "புது வண்டின்னாதான் வாரண்டி உண்டு. நடுரோட்ல நின்னா கம்பெனிக்காரன் வருவான். உங்க தம்பி வருவானா?" என்று என் அண்ணனிடமே கேட்டுவிட்டாள்.

வாரண்டி புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவள் எட்டு. ஷோரூம் பெண்ணை உட்கார வைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். முக்கியமான வரிகளுக்கு அடுத்த நாள் வீட்டில் மஞ்சள் குழைத்து விரலால் அடையாளம் வைத்தாள். அதில் ஒரு பக்கத்தில் மஞ்சள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். "வண்டில வேற எத்தையாவது மாட்டுனா வாரண்டி பூடும்" என்கிற பக்கம் அது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு டிராக்டரால் வந்தது.

ஆர்.கே.பேட்டையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புது வண்டியைக் காட்டப் போனோம். தேவகியின் தம்பி குமார் திருவள்ளூரில் ஏறிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். திருத்தணி தாண்டி ஒரு மேட்டில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். கரும்பு ஏற்றிய டிராக்டர். நான் பெருந்தன்மையாக ஒதுங்கினேன். அது எங்களைத் தாண்டிப் போயிற்று. கரும்புத் தோகை ஒன்று கண்ணாடியைத் தடவிவிட்டும் போயிற்று.

"மாமா," என்றான் குமார், "டயரு உருளுதா, இல்ல பின்னாடி எவனாவது தள்ளிகினு வரானா?"

"சும்மா இருடா" என்றாள் தேவகி. ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். மாமியார் வீட்டில் இறங்குவதற்குள் குமார் அதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டான். சாப்பிடும்போது மாமியார், "மாப்ள மெதுவா துன்னட்டும், டிராக்டரு போனப்புறம் போடு" என்றார். அன்று இரவு முடிவு செய்தேன். இந்த வண்டியைப் புலியாக்குவது என்று.

கவரைப்பேட்டை பக்கம் ஸ்டீபன் என்பவன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். முன்பு எங்கள் ஆலையில் ஃபிட்டர். இன்ஜினைத் தொட்டே அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லுவான். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"நைனா, டர்போ வண்டி இது. தூங்கினு கீது. தட்டி எழுப்பணும்."

"வாரண்டி?" என்றேன். (அன்று முழுவதும் நான் பேசிய ஒரே சொல்.)

"அட, வெட்றது இல்ல, ஒட்றது இல்ல. சொருவறது, புடுங்கறது, அவ்ளோதான். சர்வீஸுக்கு உடும்போது பழச மாட்டு. வந்தப்புறம் புதுச மாட்டு. எவனுக்கும் தெரியாது."

இரண்டு பொருள்களை மாட்டினான். ஒன்று, கம்பெனி கொடுத்த கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாகச் செக்கச்செவேல் என்று பம்பரம் மாதிரி ஒரு ஃபில்டர். காற்றை நிறைய இழுக்குமாம். இன்னொன்று சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பா. காற்றின் அழுத்தத்தை வண்டியின் கம்ப்யூட்டருக்குக் குறைத்துச் சொல்லுமாம். கம்ப்யூட்டரும் ஐயோ பாவம் என்று காற்றைக் கொஞ்சம் கூடக் கொடுக்குமாம். சுருக்கமாகச் சொன்னால், எனக்கு வராத பொய்யை எனக்காகச் சொல்ல ஓர் ஆள் வைத்துக்கொண்டேன். கழற்றிய பழைய பெட்டியைப் பரண்மேல் அரிசிச் சாக்கில் மறைத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது என் வேலை. பேசாமல் செய்யலாம் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டது. மோட்டார், சுவிட்ச், கொக்கி, சங்கிலி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பொட்டு விட்டுப்போன மெஷின் அந்த வருஷம் படுத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஆலையில் எல்லாரும் நம்புகிற விஷயம். கை அப்படிப் பழகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து காரின் பானட்டைத் திறந்ததும் அந்தக் கை சும்மா இருக்குமா? பேட்டரிக்கு வைத்தேன். ரேடியேட்டருக்கு, ஃபியூஸ் பெட்டிக்கு, கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவுக்கு, மூடிக்கு, மூடியின் மூடிக்கு. தேவகி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இது இன்னாய்யா, செவப்பா?"

காது சிவந்தது. "ஏர் ஃபில்டர்" என்றேன். பாருங்கள், உண்மை!

"லட்சணமா கீது. இதுக்குப் பெரிசா வை."

வைத்தேன். முழு நிலா அளவுக்கு. சோப்பு டப்பாவுக்கும் ஒன்று.

மூன்று வாரம் கழித்து ஏ.சி.யில் அனல் காற்று வர ஆரம்பித்தது. தேவகிக்கு ஒரே குஷி. "பாத்தியா? இதுக்குத்தான் வாரண்டி!" என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்தாள். வண்டி அவள் பேரில் இருப்பதால் கையெழுத்துப் போட அவளும் வந்தாக வேண்டும். நான் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று சாக்கு மூட்டையோடு ஸ்டீபனிடம் ஓடினேன். பழையதை மாட்டினான். கழற்றிய புதியதை என் கையில் கொடுத்துவிட்டு ஷட்டரை இழுத்தான். "சூளூர்பேட்டைல கல்யாணம் நைனா, பஸ்ஸு போயிடும். ஊட்ல வச்சிக்க."

வீட்டில் வைக்கவா? தேவகி வாசலில் நிற்கிறாளே! மதியம் நேராக ஷிப்டுக்குப் போவதற்காக டிபன் பை வண்டியில் இருந்தது. அடியில் ஃபில்டர், அதன்மேல் டப்பா, அதற்கும் மேல் இட்லி. பத்திரம்.

சர்வீஸ் சென்டரில் எங்களைக் கவனித்தது கீர்த்தனா என்று ஒரு பெண். பொறுப்பான பிள்ளை. "அண்ணா, வெளில எதாவது மாட்டினீங்களா?" என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு. அது 'இல்லை' என்று எழுதிக்கொண்டது. கண்டம் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டேன்.

பானட்டைத் தூக்கினார்கள். தேவகி எட்டிப் பார்த்தாள். உள்ளே காய்ந்த பொட்டுகளோடு கல்யாண வீடு மாதிரி இருந்தது இன்ஜின். நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் மொட்டையாக.

"அய்யய்யோ!" என்றாள் தேவகி. மூன்று வண்டி தள்ளி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "இத்த மட்டும் உட்டுட்டியே! அதான் ஏ.சி. பூட்ச்சு! யோவ், எல்லாத்துக்கும் வச்சியே, இதுக்கு ஏன் வைக்கல?"

எனக்குக் காது சிவந்தது.

"இரு, இங்க செவப்பா ஒண்ணு இருந்துச்சே? பெரிசா பொட்டு வச்சோமே?"

மூக்கு வேர்த்தது. கீர்த்தனா பேனாவை மூடிவிட்டுப் பெட்டியை உற்றுப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. "அண்ணா, பொட்டு வச்ச ஃபில்டர் எங்க?"

வாய் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த டயரைப் பிடித்துக்கொண்டேன்.

"சுகர் எறங்கிடுச்சு!" என்று அலறினாள் தேவகி. "காலைல நாஷ்டாகூட துன்னாம சுத்தினு கீறாரும்மா! இட்லி கட்டிக் குடுத்தேன், இரு..."

டிபன் பையை எடுத்தாள். வேண்டாம் என்று கையை நீட்டினேன். பசியில் பறக்கிறேன் என்று நினைத்து இன்னும் அவசரமாகத் திறந்தாள். டிபன் பாக்ஸைத் தூக்கினாள். கூடவே சிவப்பாக, பம்பரம் மாதிரி, நெற்றியில் முழு நிலாவோடு அது வெளியே வந்தது. பின்னாலேயே சோப்பு டப்பாவும் தரையில் விழுந்து, பொட்டு தெரிய மல்லாந்து கிடந்தது.

தேவகி ஃபில்டரைப் பார்த்தாள். வாரண்டி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள், மெதுவாக.

அந்த நிமிஷம் எனக்கு வாரண்டி பெரிதாகத் தெரியவில்லை. பதினோரு வருட இட்லி ஆவியும் மஞ்சள் தடவிய அந்தப் பக்கமும்தான் கண் முன்னால் நின்றன. ஒட்டியிருந்த வாய் எப்படியோ திறந்தது. டிராக்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அந்நியர் முன்னால் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. "கரும்புத் தோகை" என்ற இடத்தில் கீர்த்தனா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேனேஜர் வந்தார். வண்டியில் ஒயரைச் சொருகிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் தீர்ப்புக்கு நிற்பவன் மாதிரி நின்றேன். அவர் திரையை ஒரு தரம் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், இந்த டப்பா மாட்டி எவ்ளோ நாள் ஓட்டினீங்க?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசத்துல ஒருவாட்டிகூட ஐம்பதத் தாண்டலயே!"

அவ்வளவுதான். கீர்த்தனா சிரித்துவிட்டது. தேவகிக்குப் பொறுக்கவில்லை. "வண்டி புலிதான் சார்," என்றாள், "மேல உக்காந்துகினு கீறவருதான் கிரேனு ஓட்றாரு."

ஏ.சி. கோளாறுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்றார் மேனேஜர். இன்ஜினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்ப மாட்டினால் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மாட்ட மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார். தேவகி எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். புறப்படும் முன் அவள் கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து மொட்டைப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

அந்தச் சிவப்பு ஃபில்டர் இப்போது எங்கள் வீட்டு டிவி மேல், பரிசுக் கோப்பை மாதிரி இருக்கிறது. குமார் வரும்போதெல்லாம் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவான். நான் ஏதாவது தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தால் தேவகி, "மொதல்ல டிபன் பையத் தொற" என்பாள். சர்வீஸுக்குப் போனால் கீர்த்தனா பானட்டைத் திறந்து, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பொட்டை எண்ணுகிறது.

போன ஆயுத பூஜைக்கு ஆலையில் பொட்டு வைத்துக் களைத்து வந்து மதியம் படுத்துத் தூங்கிவிட்டேன். நெற்றியில் ஜில்லென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் தேவகி சந்தனக் கிண்ணத்தோடு குனிந்து நின்றாள்.

"இன்னா பண்ற?"

"சும்மா படு," என்றாள், சந்தனத்தின்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தபடி. "எவனாவது கழட்டிகினு போய் வேற மாட்டிட்டா எனக்குத் தெரிய வேணாமா?"