ஒன் மோர் அண்ணன் அந்தமான் போன கதை

திருச்சியில் கல்யாணம் செய்துகொண்ட பாதிப் பேருக்குக் கழுத்து இன்றும் லேசாக இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால், அதற்கு ஒரே ஒருவர்தான் காரணம். எங்கள் ஒன் மோர் அண்ணன்.

தில்லை நகரில் அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அப்பா அம்மா வைத்த பெயர் என்று அவருக்கு ஒன்று இருக்கத்தான் வேண்டும், யாரும் கேட்டதில்லை. கழுத்தை இடது பக்கம் சாய்க்கச் சொல்லி ஒரு படம் எடுத்ததும் "சூப்பர் சார், ஒன் மோர்" என்பார். அந்த ஒன் மோருக்கு முடிவே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும், "சார், அது மட்டும் ஒன் மோர்" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையும் பாவம், பயத்தில் முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோய்விட்டார். வாத்தியார் ஸ்வாமி ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"ஓய், இதென்ன நாடகமா? ஒரு தரம் கட்டினா கட்டினதுதான்!"

அடுத்தவர் கல்யாணத்திலேயே இப்படி என்றால் சொந்தக் கல்யாணத்தைச் சும்மா விடுவாரா? சமயபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் முடிச்சைப் போட்டார். மீதி முடிச்சுகளை நாத்தனார் போடுவதுதானே வழக்கம்? அந்த இடைவெளியில் மனிதர் கழுத்து மாலையோடு மேடையிலிருந்து குதித்து, கேமராக்காரரிடமிருந்து கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். "லைட்ட இப்படி நேரா அடிச்சா பொண்ணு பேய் மாதிரி தெரியும்யா!" அதன்பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. அந்த ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், மணப்பெண்ணான செல்வி அக்கா யாரோ ஓர் அம்மாளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்று நினைப்பார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அக்காவும் நாத்தனாரும்தான்.

போன வருடம் நாங்கள் அந்தமானுக்குச் சுற்றுலா போகக் கிளம்பியபோது, என் மனைவி அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டாள். அண்ணன் லேசில் மசியவில்லை.

"தீவு பாக்க அவ்வளவு தூரம் எதுக்கு தம்பி? ஸ்ரீரங்கம் தீவு இல்லையா? ரெண்டு பக்கமும் ஆறு. பாலம் வேற இருக்கு. அங்க பாலம் இருக்கா?"

"பறவை, மிருகமெல்லாம் நிறைய இருக்கும்ணே. போட்டோ எடுக்கலாம்."

கொஞ்சம் யோசித்தார். "ஆல்பம் எப்ப வரும்னு போன் பண்ணி உயிர எடுக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டு சம்மதித்தார்.

செல்வி அக்காவின் திட்டம் வேறு. விமானத்தில் என் மனைவியிடம் சொன்னார். "எனக்குப் பறவையும் வேணாம், மிருகமும் வேணாம். அப்பாவும் நீயும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்ணு குடும்மான்னு கட்டிக்கொடுத்த பொண்ணு கேக்குறா. போட்டோக்காரர் வீட்டுல ஒண்ணுகூட இல்லடி! கடலுக்கு முன்னால ஒண்ணு எடுத்துக்கிட்டுதான் ஊரு திரும்புவேன்." அதற்கென்றே மாம்பழக் கலரில் ஒரு புதுப் புடவை பெட்டியில் இருந்தது.

மான்கள் பயமில்லாமல் திரிகிற ஒரு சின்னத் தீவில் இறங்கினோம். எங்களை அழைத்துப்போன முருகேசன் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சத்தம் போடாமல், தூர நின்று எடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அண்ணன் கேட்டால்தானே? கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்களை நிறுத்துகிற மாதிரி மான்களை நிறுத்த ஆரம்பித்தார்.

"அம்மா, கொஞ்சம் லெப்ட்ல வாங்க. பாப்பாவ முன்னால விடுங்க. ஐயா, நீங்கதான், கொம்பு மறைக்குது, பின்னால போயிடுங்க. எல்லாரும் இங்க பாருங்க!"

மான்கள் என்ன நினைத்தனவோ, எல்லாம் இவரையே பார்த்துக்கொண்டு நின்றன. அதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஓர் உடும்பு வந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அதன் மூஞ்சிக்கு நேராகப் போனார்.

முருகேசன் அலறினார். "சார்! அது கடிச்சா விடாது சார்!"

"ஃபேஸ்ல ஷைன் அடிக்குதுப்பா. ஒத்தி எடுத்துட்டு வந்துடறேன்."

நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரல்களில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். "அதுங்க பாட்டுக்கு இருக்கறப்ப எடுக்கறதுதாண்ணே அழகு" என்றேன்.

"அதுங்க பாட்டுக்கு இருக்கறத எடுக்க போட்டோகிராஃபர் எதுக்கு தம்பி? சிசிடிவி போதாதா?"



இன்னொரு வினோதம் உண்டு. ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் எதையும் எடுக்க மாட்டார். ஜோடி இல்லாத படம் ஆல்பத்தில் நிற்காதாம். மீன்கொத்தி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. "வீட்டுக்காரம்மா எங்க போயிருக்காங்க? வரட்டும்" என்று காத்திருந்தார். அது மீனைப் பிடித்துத் தின்றுவிட்டுப் போயே போய்விட்டது. எங்கள் விடுதிக்கு எதிரே கடற்கரையில் ஒரு மொட்டை மரம். தினமும் காலையில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று அதில் ராஜா மாதிரி உட்காரும். அதன் ஜோடி வரட்டும் என்று தினமும் வெயிலில் காய்ந்தார். அக்கா பக்கத்தில் போய், "கடலுக்கு முன்னால நாம ஒரு படம்..." என்று ஆரம்பித்தால், "இரு செல்வி, இவரு சம்சாரம் வர்ற நேரம்" என்பார்.

"பாத்தீங்களா, கழுகுக்கு ஜோடி தேடறாரு" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் மேல் கோபம்தான் வந்தது.

கடைசி நாள் சாயங்காலம் அக்கா மாம்பழக் கலர் புடவையில் கடற்கரைக்கு வந்து நின்றார். நானும் என் மனைவியும் அண்ணனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் நிறுத்தினோம். கேமரா என் கையில். அவர் நின்றால்தானே? ஓடி வந்து கேமராவில் எதையோ திருகுவார். திரும்பிப் போய் அக்காவின் முந்தானையைச் சரிசெய்வார். மறுபடி ஓடி வருவார். "தம்பி, முழங்கைய ஒடம்போட ஒட்டி வைங்க. மூச்சு விடாதீங்க." சூரியன் பாதி முழுகிவிட்டது. அக்காவின் முகமும் வாடிக்கொண்டே வந்தது.

"நில்லுங்களேன்! ஒரு நிமிஷம்தான் கேக்குறேன்" என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். நான் கேமராவைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? பெரிய சிறகுகளை விரித்துக்கொண்டு இரண்டு கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மொட்டை மரத்தில் இறங்கின. போச்சு, மனிதர் பாய்ந்து வந்து கேமராவைப் பிடுங்கப் போகிறார் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன்.

அவர் வரவில்லை.

"செல்வி! செல்வி! அங்க பாரு, ரெண்டு பேரும் வந்துட்டாங்க!"

அந்தப் பதற்றத்தில் என் விரல் பட்டனை அழுத்திவிட்டது. கழுகுகள் எழுந்து பறந்துவிட்டன. சூரியனும் போய்விட்டது.

கேமராத் திரையைப் பார்த்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன தம்பி இது! கடலே கோணலா ஊத்துது. கழுகும் படத்துல விழல. நான் கேமராவையே பாக்கல. இத மொதல்ல அழிங்க."

"கை வைங்க பாப்போம்!" என்று அக்கா கேமராவைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது அந்தப் படம் பெரிதாகி அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. பெண்ணுக்கும் ஒன்று போயிற்று. வருகிறவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன், "நான் எடுத்தது இல்லீங்க, மாடிவீட்டுத் தம்பி எடுத்தது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். படத்தில் அக்கா கழுகுப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கையை எங்கேயோ நீட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கை அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அக்கா குனிந்து அந்தக் கையைத்தான் பார்க்கிறார்.

கோணல் படம்தான். எடுத்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.