புதன்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தானின் குரல் குறையாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை பத்து மணிக்குக் கல்லூரி முதல்வரின் கையெழுத்துடன் வந்த சுற்றறிக்கை உறுதிசெய்வது: எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே மிக ஒற்றுமையான குழு, நான் தலைமை வகிக்கும் கணினிவழிக் கற்பித்தல் குழு. நீ சந்தோஷப்படுவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். புதன்தோறும் மூன்று மணிக்கு இணையத்தில் கூட்டம் நடத்துகிறேன். உறுப்பினர்கள் ஆறு பேர். ஒருவரும் வருவதில்லை, தங்களுக்குப் பதில் குறிப்பெடுக்கும் மென்பொருளை அனுப்பிவிடுகிறார்கள். திரையில் ஆறு கறுப்புக் கட்டங்கள், நடுவில் என் மூஞ்சி. நாற்பது நிமிடம் பேசி முடித்தால், சற்று நேரத்தில் குறிப்பு வருகிறது: 'தலைவர் பதினோரு முறை "கேக்குதா?" என்றார். எவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.' இதைப் படித்துத்தான் முதல்வர் உருகிவிட்டார். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து பார்வையாளர்களை அழைத்துவருகிறார். நானும் குழுவில் இன்னொருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அந்த இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்? கணக்கு மேடத்தோட ரூமுக்கே போனேன். "நாமதான் வாராவாரம் பார்க்கிறோமே சார், இன்னும் என்ன?"ன்னு சிரிச்சாங்க. வரலாற்று சார், "போன வாரம் பிரமாதமாப் பேசினீங்களாம், குறிப்புல இருந்துச்சு"ன்னு தோளைத் தட்டிட்டு பஸ் பிடிக்க ஓடிட்டார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு எதிர் நாற்காலிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். அது குறிப்புகூட எடுக்கலை. ஆக, வருங்கால ஆசிரியர்கள் நாற்பது பேர் முன்னால, சேர்ந்து கற்பிக்கிறது எப்படின்னு ஒத்தை ஆளா நடத்திக் காட்டப்போறேன் அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தத் தலைவர் பதவியும் வராமல் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு திருத்தம். பக்கத்து ஊர் கிளை வளாகத்து அறிவியல் டீச்சர் இப்போதுதான் போன் செய்தார். அவரும் என் குழுதான். "சார், ஆறு கட்டத்துல ஒண்ணு மெஷின் இல்லை, நான். எல்லாப் புதன்கிழமையும் வந்தேன். முதல் வாரம் ஒரே இரைச்சல்னு எங்க எல்லார் மைக்கையும் அடைச்சீங்களே, அப்புறம் திறக்கவே இல்லை. நீங்க கேக்குதான்னு கேட்டப்பல்லாம், கேக்குது சார்னு கத்தினேன்." மற்ற ஐவரும் மென்பொருளை அனுப்பத் தொடங்கியது எப்போது என்று விசாரித்தேன். இரண்டாம் வாரம். வெள்ளிக்கிழமை வர முடியுமா என்று கேட்டேன். "வகுப்புல நான் பேசலாமா சார்?" என்றார். பேசலாம் என்றேன். யோசித்து, நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.