பெரட்டுக்கு வந்த புது ஆள்

"பீப்!"

கண்ணை மூடியிருந்தேன். தலை நிறைய சோப்பு. கேமரன் மலையின் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவனுக்குக் காதில் என்னென்னமோ கேட்கும். ஒருமுறை செத்துப்போன மாமனார் கூப்பிட்டதே கேட்டது. இருந்தாலும் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"ருக்கு! என்ன சத்தம் அது?"

"வேலப்பன் வீட்டுக் கடிகாரம்ங்க. நீங்க முதுகத் தேய்ங்க."

தேய்த்தேன். வீட்டில் சொன்னதைச் செய்ய ஓர் ஆளாவது வேண்டுமே.

அன்று ஞாயிறு. மாபெரும் முடிவோடு விடிந்த நாள். ருக்குமணி துருவச் சொன்ன தேங்காயைப் பாதியில் போட்டுவிட்டுக் குளிக்க ஓடிவந்தேனே, அதுதான் முடிவின் முதல் படி. நான் ஈப்போவுக்குப் போகிறேன்!

காரணம், ஒரு கம்ப்யூட்டர். இலை நிறுவையைக் கூட்டுவதற்காகத் தோட்டத்துத் துரை வாங்கிய பெட்டி. கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் கையாலேயே கூட்டிமுடித்து, கைகழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் அது விடை சொல்லும். நானோ தேயிலை ஆலையில் ராத்திரி வேலைக்காரன். இலை வதங்குவதைப் பார்த்துப் பார்த்து நானும் வதங்கியவன். கம்ப்யூட்டர் படிக்கப் பழைய புத்தகக் கடைதான் எனக்குக் கல்லூரி. அதை யாரோ துரையிடம் சொல்லிவிட்டார்கள்.

"தங்கையா, இத வேகமாக்கிக் காட்டு. ஆபீஸ்ல பகல் வேலை உனக்கு," என்றார். பெட்டியை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்ப்பாராம்.

பகல் வேலை! நான் வீடு திரும்பும் நேரம் ருக்குமணி கூடையோடு கொழுந்தெடுக்கக் கிளம்புவாள். எங்கள் குடித்தனம் முழுக்க வாசற்படியிலேயே நடந்துகொண்டிருந்தது.

ஈப்போ கடையிலிருந்து புது மூளை வாங்கியாயிற்று. புரோசசர் என்கிற கறுப்புச் சிப்பு, பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால். பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. ஆனால் பலகையில் பயாஸ் என்று இன்னொரு சிப்பும் உண்டு. மூளையை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டுமா? கடைக்காரரைக் கேட்டால், "சிலதுக்கு வேணும், சிலதுக்கு வேணாம்லா," என்றார். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள் ருக்குமணி கேட்டாள்.

"அந்தப் பயாஸ் என்னதாங்க பண்ணும்?"

பாமரருக்குப் புரியும்படி சொன்னேன். "காலையில பெரட்டுல உங்க கங்காணி என்ன பண்ணுவாரு?"

"பேரு கூப்பிடுவாரு. வந்தவங்களப் பாத்துட்டு மலைக்கு அனுப்புவாரு."

"அதேதான். சுவிட்சப் போட்டதும் உள்ளுக்குள்ள பெரட்டு. எல்லாரும் வந்திருந்தா ஒரு பீப். ஆளு சரியில்லைன்னா சத்தமே இல்ல, சாவுதான்."

"அப்ப புதுசப் போட்டுப் பாத்துற வேண்டியதுதானே?"

"ஐயையோ! கங்காணிக்குத் தெரியாத ஆளு! பெட்டி செத்தா துரைக்கு யாரு பதில் சொல்றது? ஈப்போவுக்குப் போய்ப் புது பயாஸே வாங்கிட்டு வந்துடறேன்."

"போறது பயாஸுக்கா, பயத்துக்கா?"

உள்ளே போய்ப் பயணத்துக்குச் சட்டை தேடினேன். மேதைகள் வாதாடுவதில்லை.

குளித்து, சட்டை மாட்டி வந்தால் வாசலில் லாரி. திரிங்காப் ஊர் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக ஈப்போ போகிற பக்கத்து வீட்டு வேலப்பன்.

"அண்ணே, போலாமா?"

"இரு தம்பி. இந்தப் பெட்டி எவ்வளவு மந்தம்னு ஒருதடவ பாரு. அப்பத்தான் நான் ஏன் போறேன்னு புரியும். ருக்கு, தம்பிக்குத் தேத்தண்ணி குடு. குடிச்சு முடிச்சாலும் இது கூட்டி முடிக்காது."

சுவிட்சைப் போட்டேன். பீப்! கூட்டச் சொன்னேன். வேலப்பன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். உதடு சுட்டது. அதற்குள் திரையில் விடை வந்துவிட்டது.

"அண்ணே, இதுவா மந்தம்?"

எனக்கே தலை சுற்றியது. சமாளித்தேன்.

"பாத்தியா! நேத்து உள்ள தூசி தொடச்சேன். அதுதான் வேலை செய்யுது. கை ராசி! பழைய மூளையே இந்த ஓட்டம் ஓடுது. புதுசு எதுக்கு? கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன். ருக்கு, அந்த டின்ன எடு!"

எடுத்து வந்தாள். திறந்தேன். உள்ளே ஒரு சிப்பு, முதுகெல்லாம் தூசி.

"பழசு அதுலதான் இருக்கு," என்றாள்.

"அப்ப புதுசு?"

"நீங்க சோப்புப் போட்டுட்டு இருந்தப்ப மாத்திட்டேன். வேலப்பன் வீட்டுல ஏதுங்க கடிகாரம்?"

வேலப்பன் கோப்பைக்குள் சிரித்தான்.

"அடிப்பாவி! எந்த தைரியத்துல?"

"எங்ககூடக் கொழுந்தெடுக்கிற அம்சவல்லி காய்ச்சல்ல படுத்தப்ப அவ தங்கச்சி ஜெயா வந்தா. அதே கூடை, அதே எடம். அம்சவல்லின்னு கூப்பிட்டதும் 'வந்திருக்கேன்'னா. கங்காணி நிமிந்துகூடப் பாக்கல. அக்காவ விட வேகமா வேற பறிச்சா. இதுங்களும் அக்கா தங்கச்சி மாதிரியே இருந்துச்சு. அதே காலு, அதே எண்ணிக்கை. முனையில இருந்த வெட்டு பழசுல எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே வெச்சு அமுக்கினேன்."

"செத்துப்போயிருந்தா?"

"பழசத் திரும்ப வெச்சுட்டு உங்கள ஈப்போவுக்கு அனுப்பியிருப்பேன்."

லாரி கிளம்பிப் போனது, நான் இல்லாமல்.

"நாளைக்குத் துரை கேட்டா என்னன்னு சொல்றது?" என்றேன் மெதுவாக.

"நீங்க மாத்தினதாவே சொல்லுங்க. பகல் வேலை கெடைக்கட்டும். ராத்திரி வீட்டுல ஒரு ஆளு இருக்கட்டும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள்.

என்மேல் இவ்வளவு ஆசையா! நெருங்கி நின்றேன்.

"அப்பத்தான் தினம் நான் பெரட்டுக்குப் போறதுக்குள்ள தேங்கா துருவிக் குடுப்பீங்க," என்றாள்.

துருவியின் பக்கத்தில் பாதி மூடி அப்படியே கிடந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.