இழுத்தாலும் வராத சாக்கு

எனக்கு விவசாயம் தெரியாது. உருளைக்கிழங்கு தின்பதிலும் பெரிய ஆசை கிடையாது. ஆனாலும் நாற்பத்தாறு வயதில், உடுவில் வீட்டு முற்றத்தில், ஐந்து சாக்குகளில் உருளைக்கிழங்கு நட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். கந்தோர் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தால், மறுநாள் காலை எட்டு மணிவரை வாயைத் திறக்க வேலை இல்லை (கொட்டாவி கணக்கில் இல்லை). கனடாவிலிருந்து அண்ணை டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். புரட்டாதியில் தொலைபேசியில் மெல்லக் கதையை மாற்றினார்.

"பிளேன் ரிக்கற் சரியான விலை, பிள்ளை. யோசிக்கிறம். வந்தாலும் ரவுணிலை ஹோட்டல்தான். சின்னவளுக்கு ஏசி இல்லாமல் ஏலாது."

"ஐயோ அண்ணை, சின்னவளுக்கெண்டு உருளைக்கிழங்கு நட்டு வச்சிருக்கிறனே! அவள் வந்தெல்லோ கிண்ட வேணும்!"

எங்கிருந்து அது வாயில் வந்ததோ தெரியாது. "உண்மையாவோ மாமி?" என்று பின்னால் அண்ணையின் மகள் சின்னவள் கத்தினாள். மறுநாளே ஓடிப்போய் விதைக்கிழங்கு வாங்கினேன்.

யூடியூப்பில் ஒருவர் பாடம் எடுத்தார். சாக்கின் அடியில் நாலு ஓட்டை போட வேண்டும், அதன்மேல் கல் பரப்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வடியும். கல்லுக்கு எங்கே போவது? வேலியோரம் பனங்கொட்டைகள் குவிந்து கிடந்தன. சாக்குக்குப் பத்தாக அள்ளிப் போட்டேன். (பனங்கொட்டை முளைக்கும் என்று யாழ்ப்பாணத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யூடியூப் பார்க்கும்போது மட்டும் மறந்துவிட்டது.)

செடிகள் தளதளவென்று வந்தன. தினமும் படம் எடுத்து அனுப்பினேன். மாலையில் சாக்குகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கந்தோர்ப் புதினமெல்லாம் அவற்றுக்குச் சொன்னேன். பதில் சொல்லாவிட்டாலும் நடுவில் எழுந்து போகவில்லை. ஒருநாள் அண்ணை ரிக்கற் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அன்று சாக்குகளுக்கு முன்னால் நின்று அழுதேன்.

கார்த்திகை மழை கொட்டியது. இலைகள் மஞ்சளாகின. இலை பழுத்தால் கிழங்கு முற்றிவிட்டது என்று யூடியூப்காரர் சொல்லியிருந்ததால், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வந்தார்கள். ஹோட்டலில்தான் தங்கினார்கள். நத்தாருக்கு மறுநாள் அறுவடை. அண்ணி கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, லண்டன் சொந்தங்கள் எல்லாம் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கைச் சரித்துக் கொட்டுவதற்காக அண்ணை கட்டிப்பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"என்னடி, கொங்கிறீற் போட்டு வச்சிருக்கிறியோ?"

"பாரமாக் காய்ச்சிருக்கு, அண்ணை!" என்றேன் பெருமையாக.

காலை ஊன்றி மறுபடி இழுத்தார். சாக்கு கிழிந்தது. அண்ணை மல்லாக்க விழ, அவர்மேல் கறுத்த தண்ணீரும் அழுகல் நாற்றமும் கொட்டுண்டன. சேற்றில் மாபிள் அளவில் மூன்று உருளைக்கிழங்குகள். லண்டன் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"மாமி, உருளைக்கிழங்கு ஏன் கரட் மாதிரி நீட்டா இருக்கு?" சின்னவள் கிழிசலுக்கு அடியில் காட்டினாள்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "அடி விசரி! உது பனங்கிழங்கெல்லோ!"

ஓட்டைகளுக்குள்ளால் முளை இறங்கி, நிலத்துக்குள் போய்க் கிழங்காகியிருந்தது. ஓட்டைகள் அடைபட்டு, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் உருளைக்கிழங்கெல்லாம் அழுகிவிட்டன. நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சின்னவள்தான் தட்டினாள். "மாமி, இந்த நீட்டுக் கிழங்கு சாப்பிடலாமோ?"

ஐந்து சாக்குக்கு அடியிலும் கிண்டி எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவிய வைத்தேன். பனங்கிழங்கு அவிய நேரம் எடுக்கும். வாசலில் ஹோட்டலுக்குப் போக வான் நின்றது. நான் யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை அடுப்பைக் குறைத்தேன். கிழங்கு அவிந்தபோது வான்காரர் பொறுமையிழந்து போய்விட்டார். அன்று மட்டும் எல்லோரும் என் வீட்டில், ஏசி இல்லாமல், பாயில் படுத்தார்கள்.

அதன்பிறகு அவர்கள் வரவில்லை. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதை உண்டு. "நீயாவது இஞ்சை வாவன்" என்று ஒரு காலத்தில் ஒரேயொரு தரம் கேட்ட அண்ணை, இப்போது கேட்பதில்லை. யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "உவள் எங்கை வரப்போறாள்? உந்தச் சாக்கு மாதிரி, இழுத்தாலும் வராள்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கைபேசிக்கு இந்தப் பக்கம் நானும் சிரிக்கிறேன்.

அந்தச் சாக்கையாவது அவர் இரண்டு தரம் இழுத்தார்.