உங்களுக்கு உப்பு வேணாம்

ஈரல் டாக்டரைப் போல அத்தனை ஆட்டு ஈரலை வாங்கி, அதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காத மனிதரை ஆந்திரா, தமிழ்நாடு இரண்டிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. சுத்த சைவம். பிறந்தநாள் கேக்கைக்கூட முட்டை போட்டதா என்று விசாரித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

வீடு சித்தூரில், வேலை திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அங்கே வரவேற்பு மேசையில் நான் இருந்தேன். ஈரலில் வருகிற கட்டிக்குள் ஊசியை இறக்கி, மின்சாரச் சூடு ஏற்றிக் கட்டியைப் பொசுக்குவது அவர் தொழில். எந்த ஊசி எப்படிச் சுடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் பைத்தியம். ஈரல் அதற்குத்தான்.

சித்தூர் கறிக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"சார், வூட்ல எத்தினி பேரு?"

"நானும் வூட்டுக்காரம்மாவும்."

"ரெண்டு பேரா இம்மாம் ஈரல் துன்றீங்க?"

"துன்றதுக்கு இல்லப்பா. சுட்டுப் பாக்கறதுக்கு."

"சுட்டப்புறம்?"

"குறுக்க அறுத்து, அளந்து பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவேன்."

அன்றிலிருந்து அவரைக் கண்டால் கறிக்கடைக்காரர் எழுந்து நின்றார். மரியாதையா, பயமா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஈரலை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். மலைக்குப் போகிற குடும்பம் பக்கத்து சீட்டில் இருக்கும். டப்பாவில் என்ன என்று யாராவது கேட்டால் "ஈரல்" என்பார். பொய் சொல்ல வராது அவருக்கு. திருப்பதி வரும்வரை அந்த சீட்டில் கால் நீட்டிக்கொண்டு தனியாக வருவார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையில் சோதனை நடக்கும். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்கள் அந்த வாசனையில் நெளிவார்கள். புத்தூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "கேன்டீன்ல வறுவல் ஆயிடுச்சு போலகீதே, ஸ்கேன நாளிக்கி வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒருநாள் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தூரில் மெஸ் நடத்துகிற என் அக்காவுக்கு ஈரலில் கட்டி. அதுவும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி, அறுத்து எடுக்கத் தோதில்லாத இடத்தில். ஈரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"அந்த எடத்த மட்டும் வேக வெச்சிடலாம்மா" என்றார்.

"சரி. உப்பு போடுவீங்களா?" என்றாள் அக்கா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்விம்மா. ஊசி வழியா உப்புத் தண்ணி உட்டா நெறைய எடம் வேகும். ஆனா அது எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு உப்பு வேணாம்."

கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா சிரித்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் முழுக்க அவர் வேறு நினைப்பில்லாமல் இருந்தார். ஆட்டு ஈரலுக்குள் மெல்லிய குழாயைச் சொருகி, ரத்தத்துக்குப் பதில் தண்ணீர் ஓட விட்டுச் சுட்டுப் பார்த்தார். ஒற்றை ஊசி போட்டால் குழாயின் ஓரம் வேகவில்லை. ஓடுகிற தண்ணீர் சூட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. அறுத்த துண்டைத் தட்டோடு என் மேசைக்கே கொண்டுவந்தார். "பாரு நைனா, இங்க பச்சையாவே கீது." அக்காவுக்கு அப்படி ஓரம் மிஞ்சினால் கட்டி திரும்ப வரும்.

குடை மாதிரி உள்ளே விரிகிற ஊசியும் ஓரத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தது. கடைசியில் இரண்டு ஊசிகளைக் குழாய்க்குப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி, நடுவில் கரண்ட் ஓடவிட்டார். குழாய் ஓரம்வரை வெந்தது. டோக்கனுக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவே தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எதற்கு என்று புரியாமலே இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அக்காவுக்கும் அதே இரண்டு ஊசி. மறு ஸ்கேன் படத்தில், கட்டி இருந்த இடம் ஓரமும் சேர்த்துக் கறுத்துக் கிடந்தது.

"முழுசா போயிடுச்சா டாக்டர்?"

"போயிடுச்சும்மா. புதுசா எதுனா வருதான்னு பாத்துகினே இருக்கணும்."

"எத்தினி வருசத்துக்கு?"

அவர் மோட்டுவளையைப் பார்த்து நிஜமாகவே கணக்குப் போட்டார். "நீங்க கெழவியாகி பல்லெல்லாம் கொட்டுற வரைக்கும் வரணும். அப்ப நான் இருக்க மாட்டேன். நல்ல டாக்டரா வேற ஒருத்தரப் பாத்துக்கோங்க."

அத்தனை நாள் அழாத அக்கா அங்கேயே உடைந்து அழுதாள். "இன்னா பேச்சு டாக்டர் இது" என்று அழுதபடியே அவரை அதட்டினாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்கிறாள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். டாக்டருடைய நட்சத்திரம் எங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் தன் நட்சத்திரத்தைச் சொன்னாள்.